‘ஒண்ணுமே நடக்கலை’: ஒரு ஜெர்மன் படமும் எழுந்து போனவர்களும்

‘ஒண்ணுமே நடக்கலை’ என்று ஒருவர் சொல்லும்போது அது படத்தைப் பற்றிய கூற்றா, பார்த்தவரைப் பற்றிய கூற்றா? நம்முடைய சிற்றிதழ்ச் சூழலில் இதற்கு இரண்டு ஆயத்தப் பதில்கள் இருந்துவருகின்றன. அப்படிச் சொல்பவருக்கு ரசனைப் பயிற்சி போதாது, வெகுசன சினிமா அவரது கண்ணைக் கெடுத்துவிட்டது என்பது முதல் பதில். அவர் சொல்வதுதான் சரி, மக்களிடம் பேசாத கலை மேட்டுக்குடியினரின் சொகுசு என்பது இரண்டாவது. முதலாவது பார்வையாளரின் வாயை அடைக்கிறது. இரண்டாவது அந்த வாயைத் தன் முகத்தில் பொருத்திக்கொண்டு பேசுகிறது. அவர் உண்மையில் என்ன பார்த்தார், எந்த இடத்தில் நெளிந்தார், எந்த இடத்தில் எழுந்து போனார் என்பதை இரண்டு தரப்பும் கேட்பதில்லை.

ஆங்கெலா ஷானெலெக் இயக்கிய ‘நான் வீட்டில் இருந்தேன், ஆனால்...’ (2019) என்ற ஜெர்மன் படத்தை முன்வைத்து இதைப் பேசலாம் என்று நினைக்கிறேன். அந்த வருடம் பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த இயக்கத்திற்கான வெள்ளிக் கரடி விருது இதற்குக் கிடைத்தது. பார்த்தவர்களின் கருத்தோ நடுவில் பிளந்து நின்றது. அபூர்வமான படைப்பு என்று ஒரு பக்கம். வெற்று பாவனை, உயிரில்லாத சட்டகங்களின் வரிசை என்று இன்னொரு பக்கம். நடுவில் நின்றவர்கள் குறைவு.

கதை என்று சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பெர்லினில் ஆஸ்ட்ரிட் (மாரென் எகெர்ட் நடித்தது) இரண்டு குழந்தைகளோடு வாழ்கிறாள். நாடக இயக்குநரான கணவன் இறந்துவிட்டான். பதின்மூன்று வயது மகன் பிலிப் ஒரு வாரம் காணாமல் போய், அழுக்கான உடையோடு திரும்பி வருகிறான். எங்கே போனான், ஏன் போனான்? படம் சொல்லாது. அம்மா அவன் முன்னால் மண்டியிட்டு அவன் கால்களைக் கட்டிக்கொள்கிறாள். அதன் பிறகு ஒரு பழைய சைக்கிள் வாங்குகிறாள், பிள்ளைகளிடம் கத்துகிறாள், தெருவில் ஒரு சினிமா இயக்குநரோடு சண்டை போடுகிறாள். பள்ளியில் சிறுவர்கள் ‘ஹாம்லெட்’டை உணர்ச்சியற்ற குரலில் ஒப்பிக்கிறார்கள். தொடக்கத்தில் ஒரு நாய் ஒரு முயலைத் துரத்துகிறது. பாழடைந்த வீட்டில் நாய் அதைத் தின்கிறது, பக்கத்தில் ஒரு கழுதை ஜன்னல் வழியே வெளியே பார்த்தபடி நிற்கிறது. கடைசியிலும் அந்த மிருகங்கள் வருகின்றன. ஏன் வருகின்றன என்று கேட்டால் பிரெஸ்ஸோனின் ‘பால்த்தஸார்’ (1966) கழுதையைச் சொல்லலாம், பிரேமன் நகரத்து இசைக்காரர்கள் என்ற நாட்டார் கதையைச் சொல்லலாம். இரண்டையும் சொல்லிவிட்டால் ஏதோ புரிந்துவிட்ட மாதிரி ஒரு தோரணை நமக்கு வந்துவிடுகிறது. வேறு பயன் இல்லை.

படத்தின் நீளம் 105 நிமிடம். நம் ஊரில் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்க்கும் படங்கள் இரண்டரை மணி நேரத்திற்குக் குறைவதில்லை. ஆகவே ‘மெதுவான படம்’ என்ற சொல்லை நான் சந்தேகிக்கிறேன். இந்தப் படத்தில் ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில் நாட்கள் ஓடிவிடுகின்றன, சில இடங்களில் வருடங்களே பின்னோக்கி ஓடுகின்றன. பையனின் காலில் தொற்று என்று ஆஸ்பத்திரிக் காட்சி வருகிறது. அது எப்படி வந்தது என்பதை நாமேதான் கூட்டிச் சேர்க்க வேண்டும். இது மெதுவான கதையாடல் அல்ல, தாவித் தாவிச் செல்லும் கதையாடல். பார்வையாளருக்கு மறுக்கப்படுவது வேகம் அல்ல, காரணம். ‘இதனால் அது’ என்ற சங்கிலி அறுபட்டிருக்கிறது. ஒருவர் முகத்தைக் காட்டி, உடனே அவர் எதைப் பார்க்கிறார் என்று காட்டும் வழக்கமான வெட்டு இல்லை. அழுகிற முகத்தின் அண்மைக் காட்சி இல்லை. இப்போது நீ வருத்தப்படலாம் என்று இசை வந்து அனுமதி கொடுப்பதில்லை. இந்த உதவிகள் இல்லாதபோது உடம்பு உணர்கிற அவஸ்தைக்கு நம்மிடம் இருக்கும் ஒரே பெயர் ‘போர்’. பெயர் தவறு, ஆனால் அவஸ்தை பொய்யல்ல. ஷானெலெக்கின் ஆதரவாளர்கள் இந்த இரண்டாவது விஷயத்தை ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள்.

இந்தச் சண்டை ஜெர்மனிக்குப் புதிதல்ல. 1962இல் ஓபர்ஹவுஸனில் 26 பேர் கையெழுத்திட்ட அறிக்கை பழைய சினிமாவின் மரணத்தை அறிவித்தது. அதற்குப் பிறகு வந்த ‘புதிய ஜெர்மன் சினிமா’ வெளிநாட்டில் கொண்டாடப்பட்ட அளவுக்கு உள்நாட்டில் பார்க்கப்படவில்லை. 1980இல் ஃபாஸ்பிண்டரின் ‘பெர்லின் அலெக்ஸாண்டர்பிளாட்ஸ்’, பதின்மூன்று பகுதிகளும் ஒரு பின்னுரையுமாக, பதினைந்து மணி நேரத்துக்கும் மேலாகத் தொலைக்காட்சியில் ஓடியபோது, திரை இருட்டாக இருக்கிறது, எதுவும் தெரியவில்லை என்று வீடுகளிலிருந்து புகார்கள் குவிந்தன. 1990களில் நகைச்சுவைப் படங்கள் ஜெர்மன் திரையரங்குகளை நிரப்பின. எரிக் ரென்ட்ஷ்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதைக் ‘கருத்தொற்றுமையின் சினிமா’ என்று பெயரிட்டு விமர்சித்தார். யாரையும் எதிர்க்காத, எல்லாரோடும் ஒத்துப்போகிற சினிமா. பெர்லின் சுவர் விழுந்து, நாடு ஒன்றாகி, கிழக்கில் ஆலைகள் மூடப்பட்டு, லட்சக்கணக்கானவர்கள் வேலை இழந்துகொண்டிருந்த தசாப்தத்தின் சினிமா அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சிரிப்புச் சத்தத்துக்கு நடுவில்தான் பெர்லின் திரைப்படக் கல்லூரியில் ஹாருன் ஃபரோக்கி, ஹார்ட்முட் பிட்டோம்ஸ்கி ஆகியோரின் பாதிப்பில் சிலர் படித்து வெளியே வந்தார்கள்: கிறிஸ்டியான் பெட்ஸோல்ட், தாமஸ் அர்ஸ்லான், ஷானெலெக். விமர்சகர்கள் ‘பெர்லின் பள்ளி’ என்று பட்டம் கட்டினார்கள். பட்டம் கட்டப்பட்டவர்கள் யாரும் அதைக் கேட்டு வாங்கவில்லை. ஷானெலெக் அதற்கு முன் மேடை நடிகை என்பதையும், ஷேக்ஸ்பியரை ஜெர்மனில் மொழிபெயர்த்தவர் என்பதையும், அவரது துணைவரான நாடக இயக்குநர் யூர்கன் கோஷ் 2009இல் இறந்துபோனார் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். வாழ்க்கை வரலாற்றைப் பிரதிக்குச் சாவியாக்கும் பழக்கம் எனக்கு உவப்பானதல்ல. ஆனால் நடிப்பு, சாவு ஆகிய இரண்டையும் பற்றி இந்தப் படம் பேசும்போது அது இரவல் விஷயம் அல்ல என்பதற்காகச் சொன்னேன். 2001இல் அவர் எடுத்த ஒரு படத்தின் ஜெர்மன் தலைப்பே ‘என் மெதுவான வாழ்க்கை’ என்றுதான் இருந்தது. எதிராளிக்கு வசைச்சொல்லைத் தானே எடுத்துக் கொடுத்தது போல.

வசையும் வந்தது. ஒஸ்கார் ரோலர் என்ற இயக்குநர் 2004 வாக்கில் இவர்களைக் கேலி செய்தார்: இறுக்கமான படங்கள், எதுவும் நடக்காது, பத்திரிகைகளில் பாராட்டு வரும், சில ஆயிரம் பேர் பார்ப்பார்கள் என்ற தொனியில். 2007இல் ஜெர்மன் திரைப்பட அகாதெமியின் தலைவராக இருந்த குந்தர் ரோர்பாக் ‘டெர் ஷ்பீகல்’ வார இதழில் விமர்சகர்கள் மீது ஒரு தாக்குதல் கட்டுரை எழுதினார். ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்த ‘வாசனை’ படத்தைக் குதறிவிட்டு, மிகச் சிலரே பார்த்த வலெஸ்கா கிரீஸெபாக்கின் ‘ஏக்கம்’ (2006) படத்தைத் தூக்கிப் பிடிக்கிறார்களே என்பது அவர் ஆத்திரம். விமர்சகர்கள் பொதுமக்களிடமிருந்து துண்டித்துக்கொண்டவர்கள் என்பது குற்றச்சாட்டு. ஃபாஸ்பிண்டரின் அந்தப் பதினைந்து மணி நேரத் தொடர் தயாரானபோது பவேரியா தயாரிப்பு நிறுவனத்தின் தலைமையில் இருந்தவரும் இதே ரோர்பாக்தான். எண்ணிக்கையை வைத்து வாதிடுபவர்கள் எப்போதும் எண்ணிக்கையை வைத்தே வாழ்ந்தவர்கள் அல்ல.

அதே காலத்தில் டொமினிக் கிராஃப், பெட்ஸோல்ட், கிறிஸ்டோஃப் ஹோக்ஹாய்ஸ்லர் ஆகிய மூன்று இயக்குநர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டு விவாதித்தார்கள். கிராஃப் போலீஸ் கதைகளையும் வகைமைப் படங்களையும் நம்புகிறவர். பெர்லின் பள்ளியின் மௌனத்தின் மேல் அவருக்குச் சந்தேகம் இருந்தது. அந்த விவாதம் ‘ரிவால்வர்’ என்ற, திரைப்படக்காரர்களே நடத்தும் சிறுபத்திரிகையில் வந்தது. பிறகு மூவரும் சேர்ந்து ‘த்ரைலேபென்’ (2011) என்று ஒரே சம்பவத்தைச் சுற்றி ஆளுக்கொரு படம் எடுத்தார்கள். கருத்து வேற்றுமையைப் படமாக்கிப் பார்த்தார்கள். நம்மிடையே சண்டை வந்தால் பத்திரிகை இரண்டாகும். சில சமயம் மூன்றாகும். அதோடு சரி.

நாங்கள் பதினைந்து பேர் போல ஒரு வாடகை மண்டபத்தில் புரொஜெக்டர் வைத்து இந்தப் படத்தைப் பார்த்தோம். பாதிக்கு மேல் நாலு பேர் வெளியே டீ குடிக்கப் போனார்கள், ஒருவர் திரும்பி வரவில்லை. முடிந்ததும் பேச்சு. ஒரு கவிஞர், ‘இது தியானம்’ என்றார். இந்தச் சொல்லைக் கொஞ்ச காலத்துக்கு யாராவது தடை செய்தால் தேவலை. எந்தப் படத்தில் வசனம் குறைவோ அது தியானம் ஆகிவிடுகிறது. முயலைக் கடித்துத் தின்னும் நாயில் என்ன தியானம்?

தொழிற்சங்க வேலை செய்யும் நண்பர் ஒருவர் எழுந்தார். ‘தோழர், நான் நேராவே கேக்கறேன். ஷிப்ட் முடிஞ்சு வர்றவன் இதைப் பார்ப்பானா? நேரம் இருக்கறவனுக்குத்தான் இந்தப் படம். பொறுமைங்கறது காசு இருக்கறவன் சரக்கு’ என்றார். இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. கலையில் பொறுமை ஒரு குணமாகப் போற்றப்படும்போது, அந்தப் பொறுமைக்கான நேரத்தை யார் உற்பத்தி செய்கிறார்கள் என்ற கேள்வி மறைந்துவிடுகிறது.

ஆனால் ஷிப்ட் முடிந்து வருபவனுக்கு என்ன வேண்டும் என்று அவனுக்காகத் தீர்மானிப்பதிலும் ஒரு அதிகாரம் இருக்கிறது. இந்த இடத்தில் ஸீக்ஃபிரீட் கிராகௌவரிடம் போக வேண்டியிருக்கிறது. 1926இல் பெர்லினின் பிரமாண்டமான திரையரங்குகளைப் பற்றி எழுதும்போது, அங்கே கூடும் கூட்டத்தின் கவனச்சிதறலை அவர் பண்டிதர்கள் மாதிரி இகழவில்லை. அந்தச் சிதறல் சமூகத்தின் சிதறலை மறைக்காமல் காட்டுகிறது, அந்த அளவில் அது நேர்மையானது என்று பார்த்தார். வால்டர் பெஞ்சமின் 1936 கட்டுரையில் இதை இன்னும் தள்ளிக்கொண்டு போனார்: ஒரு படைப்பில் மூழ்கிப்போகிறவரைவிட, கவனம் சிதறியபடியே அதைச் சோதித்துப் பார்க்கும் வெகுமக்கள் முன்னால் நிற்கிறார்கள் என்று. தொழிற்சங்க நண்பருக்கு இது ஆதரவாகத்தான் இருக்கும். ஆனால் அதே கிராகௌவர் 1924இல் சலிப்பைப் பற்றியும் ஒரு சிறு கட்டுரை எழுதியிருக்கிறார். வேலை மனிதனைப் பகலில் எடுத்துக்கொள்கிறது. மாலையில் விளம்பர விளக்கும் ரேடியோவும் சினிமாவும் மிச்சத்தை எடுத்துக்கொள்கின்றன. அவனுக்கென்று சலித்துக்கொள்ளக்கூட ஒரு மணி நேரம் விடப்படுவதில்லை. சலிப்பு அங்கே ஒரு குறைபாடு அல்ல, பறிக்கப்பட்ட உடைமை.

ஆக, ‘தொழிலாளிக்குப் பொழுதுபோக்குதான் வேண்டும்’ என்ற வாதத்தைச் சொல்வது யார் என்று பார்க்க வேண்டும். தொழிலாளி சொன்னால் அது வேறு. பொழுதுபோக்கை விற்பவன் சொன்னாலும், அவன் சார்பாக நாம் சொன்னாலும் வேறு. எட்டு மணி நேர வேலைக்காகப் போராடியவர்கள் மிச்ச நேரத்தை நிரப்பித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. தங்களிடம் விடச் சொல்லிக் கேட்டார்கள்.

இதை அந்த நண்பரிடம் சொன்னேன். ‘அது சரி தோழர், ஆனா படம் போர்தான்’ என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, தேவையும் இல்லை.

கூட்டத்தில் கடைசியாகப் பேசியவர் ஒரு பள்ளி ஆசிரியை. அவருக்கும் படம் பிடிக்கவில்லை. ‘அந்தம்மா பிள்ளைங்களை வெளிய தள்ளுறா பாருங்க, அது மட்டும் நெசம். மத்ததெல்லாம் அலங்காரம்’ என்றார். இரண்டு முகாமிலும் சேராத இந்தக் கருத்துதான் என்னைப் படத்துக்குள் திரும்பப் போகவைத்தது. அவர் சொன்னது, ஆஸ்ட்ரிட் பிள்ளைகளைப் பார்த்துக் கத்திக் கத்தி விரட்டும் காட்சி. சின்னவள் ஃப்ளோ விடாமல் வந்து அம்மாவைக் கட்டிக்கொள்ளப் பார்க்கிறாள். அம்மா உதறுகிறாள். மறுபடி வருகிறாள். மறுபடி உதறல். கேமரா அசையாமல் நிற்கிறது. சாதாரணப் படத்தில் இந்தக் காட்சி ஒரு உதறலோடு வெட்டப்பட்டு, அடுத்து அம்மா தனியாக அழுவாள், நாம் மன்னித்துவிடுவோம். இங்கே மன்னிப்பதற்கான அந்த வெட்டு வருவதில்லை. தாய்மை பற்றிய சொல்லாடல் எந்த மொழியிலும் தாங்கிக்கொள்ளத் தயங்கும் ஒன்றை, துக்கத்தில் இருக்கும் தாய் கொடூரமானவளாகவும் இருப்பாள் என்பதை, படம் வியாக்கியானம் இல்லாமல் வைக்கிறது.

சைக்கிள் விவகாரத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆஸ்ட்ரிட் ஒரு வயதானவரிடம் பழைய சைக்கிளை வாங்குகிறாள். அவருக்குக் குரல் போய்விட்டது, தொண்டையில் ஒரு கருவியை வைத்து இயந்திரக் குரலில் பேசுகிறார். சைக்கிள் கெட்டுப்போகிறது. சரிசெய்து தருகிறேன் என்கிறார் அவர், அவளுக்குப் பணம் திரும்ப வேண்டும். அவர் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி முடிக்கும்வரை அவளால் காத்திருக்க முடியவில்லை. மெதுவான படத்தின் நாயகிக்கு இன்னொருவரின் மெதுவான உடம்புக்காக ஒதுக்க நேரம் இல்லை! அரங்கில் நெளிந்துகொண்டிருந்தவர்களின் அவஸ்தையேதான் திரையில் அவள் முகத்தில் இருந்தது. இயக்குநர் இதை நகைச்சுவையாகவே வைத்திருக்கிறார், எங்கள் மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை. ‘கலைப்படம்’ என்றதும் சிரிப்பு வராமல் போவது ஆதரவாளர்கள் பரப்பிவிட்ட வியாதி.

படத்தின் மையம் என்று நான் கருதுவது தெருச் சண்டை. ஆஸ்ட்ரிட் ஒரு இயக்குநரை வழியில் பார்க்கிறாள். அவர் எடுத்த படத்தை முழுதாகப் பார்க்காமல் நடுவில் எழுந்து வந்தவள் அவள். அவர் படத்தில் நிஜமாகவே நோயுற்றவர்களையும் நடிகர்களையும் ஒன்றாக நிறுத்தியிருக்கிறார். நடந்துகொண்டே நீண்ட நேரம், வெட்டு இல்லாத ஒரே ஓட்டத்தில், அவரைத் திட்டுகிறாள். சாகப்போகிற உடம்பு தன் கட்டுப்பாட்டை இழந்துவிட்ட உடம்பு. அது எதையும் ‘காட்டுவதில்லை’. நடிகரின் உடம்போ பயிற்சி பெற்றது, கட்டுப்பாட்டில் இருப்பது, காட்டுவதற்கென்றே இருப்பது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நடிப்பு பொய்யாகிவிடுகிறது என்பது அவள் வாதத்தின் சாரம். கணவனின் படுக்கையருகே இருந்தவள் பேசுகிறாள். பேசுவது யார்? மாரென் எகெர்ட் என்ற நடிகை. எழுதிக் கொடுத்த வசனத்தை, மனப்பாடம் செய்து.

ஆக, படத்தைப் பிடிக்காமல் எழுந்து போன பார்வையாளரைப் படமே தன் நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, அதிக நேரம் பேச விட்டிருக்கிறது. அவளுடைய கோபத்தைக் கேலிக்குரியதாக்கவும் இல்லை, அப்படியே ஏற்கவும் இல்லை. அவளை எதிர்கொள்ளும் இயக்குநர் பணிவாக இரண்டொரு வார்த்தை சொல்கிறார், அவ்வளவுதான். ஷானெலெக்கைத் திட்டுகிறவர்கள் சொல்லும் எல்லாவற்றையும், பாவனை, பொய், துக்கத்தை அழகியலாக்கும் வன்முறை, ஆஸ்ட்ரிட் ஏற்கெனவே சொல்லிவிட்டாள். ஆதரவாளர்கள் இந்தக் காட்சியை ‘சுயபிரதிபலிப்பு’ என்று ஒரு கலைச்சொல்லுக்குள் போட்டு மூடிவிடுகிறார்கள். எதிர்ப்பவர்கள் அதற்கு முன்பே எழுந்து போய்விட்டார்கள். ‘ஹாம்லெட்’ ஒப்பிக்கும் சிறுவர்களுக்கும் இப்போதுதான் பொருள் கூடுகிறது. அப்பா செத்துப்போன பிள்ளையின் நாடகத்தை, துக்கத்தை நடிக்கத் தெரியாத பிள்ளைகள், சொற்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிக்கிறார்கள். பிரெக்டை மேற்கோள் காட்டிக் காட்டித் தேய்த்துவிட்ட நமக்கு, அவர் சொன்ன விலகல் ஒரு பதின்மூன்று வயதுக் குரலில் எப்படிக் கேட்கும் என்பது இங்கே தெரிகிறது.

எனக்கும் படத்தோடு ஒரு வழக்கு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அப்பாவின் படுக்கைக்கு முன்னால் அம்மாவும் பிள்ளைகளும் ஆடும் காட்சி. பின்னணியில் டேவிட் போவியின் ஒரு பாட்டு, வேறொருவர் குரலில், தணிந்த கதியில். எங்கள் மண்டபத்தில் எல்லாருக்கும், தொழிற்சங்க நண்பர் உள்பட, பிடித்த ஒரே காட்சி இதுதான். நான் அங்கேதான் சந்தேகப்பட்டேன். படம் முழுக்க மறுத்துவந்த அனுமதியை, இசை வந்து ‘இப்போது அழலாம்’ என்று சொல்லும் அனுமதியை, இந்த ஒரு இடத்தில் கொடுத்துவிடுகிறது. ஆஸ்ட்ரிட் இதைப் பார்த்திருந்தால் எழுந்து போயிருப்பாளா? அந்தத் தெருச் சண்டையின் தர்க்கப்படி போயிருக்க வேண்டும். ஒருவேளை நோயாளியாகப் படுத்திருப்பவரைக் கேமரா அதிகம் பார்க்காமல் ஆடுகிறவர்களையே பார்ப்பது ஒரு சமாதானமாக இருக்கலாம். எனக்குத் திருப்தியில்லை.

இன்னொன்று, ஆஸ்ட்ரிட்டின் உலகம். அருங்காட்சியகம், நாடகம், இயக்குநரைத் தெருவில் பார்த்துத் தோளைத் தட்டி நிறுத்திக் கேள்வி கேட்கும் உரிமை. குரல் கருவிக்காரருக்கு அந்த உரிமை இல்லை. அவர் வந்து போகிறார், சைக்கிளோடு அவர் கதை முடிகிறது. கிரீஸெபாக் ‘வெஸ்டர்ன்’ (2017) படத்தில் பல்கேரியாவுக்கு வேலைக்குப் போன ஜெர்மன் கட்டுமானத் தொழிலாளர்களை, தொழில்முறை நடிகர் அல்லாதவர்களை வைத்து, இதே நிதானத்தில் எடுத்திருக்கிறார். சிமென்ட் தூசு படிந்த கைகளுக்கும் அந்த நிதானம் பொருந்துகிறது. அப்படியானால் மெதுவான படம் என்றாலே மேட்டுக்குடி என்பது நிற்காது. ஷானெலெக்கின் கேமரா எந்த வீடுகளுக்குள் போகிறது என்று வேண்டுமானால் தனியே கேட்கலாம். அவருடைய அடுத்தடுத்த படங்களிடமும் கேட்கலாம். 2023இல் ‘இசை’ படத்தின் திரைக்கதைக்காக அதே பெர்லினில் மறுபடி வெள்ளிக் கரடி வாங்கினார். ஈடிபஸ் கதையின் எலும்பை வைத்துக்கொண்டு இன்னும் அதிகமாகக் காரணங்களை உருவியிருக்கிறார். மறுபடி அதே பிளவு, அதே வார்த்தைகள்.

டீ குடிக்கப் போய்த் திரும்பி வராத நண்பர் இரண்டு நாள் கழித்துப் பேசினார். ‘அந்தப் பையன் எங்க போயிருந்தான், கடைசீல சொன்னாங்களா?’ என்று கேட்டார். சொல்லவில்லை என்றேன். ‘தெரியும்’ என்றார்.